துரையின் விரலும் பேச்சியின் காடும்

ஓர் அரசு அதிகாரி மண்ணைத் தின்றதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

பரளச்சிக்குத் தெற்கே, ஐப்பசி மழை இரண்டு நாள் அடித்து ஓய்ந்த ஒரு காலை. மானாவாரிப் புஞ்சையை எங்கள் பக்கம் காடு என்போம். அப்படி ஒரு காட்டின் நட்ட நடுவில் அவர் நாலு காலில் நின்றுகொண்டிருந்தார். முழங்கால் வரை கரிசல். முழங்கை வரை கரிசல். மூக்குக் கண்ணாடியில் கரிசல். விழுந்த வேகத்தில் வாய்க்குள்ளும் ஒரு வாய் போயிருந்தது.

வரப்பில் நான், அவருடைய பைலை மார்போடு அணைத்துக்கொண்டு. எனக்குப் பக்கத்தில் காட்டுக்காரி பேச்சியம்மாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

"சார், உப்புக் கரிக்குதா?" என்று அவள் கத்தினாள்.

அவர் துப்பினார். கொஞ்சம் யோசித்தார். நாக்கை உள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இல்லம்மா" என்றார்.

சிரிப்பை அடக்கி அடக்கி எனக்கு விலா வலித்தது. கிராம நிர்வாக அலுவலராக இத்தனை வருஷம் குப்பை கொட்டியதில் நான் கற்ற முதல் பாடம், மேலதிகாரி முன்னால் சிரிக்கக் கூடாது என்பது.

போன வாரம் இந்தப் பத்தியில், ஜமாபந்தி என்கிற வருஷாந்தரக் கணக்குத் தணிக்கையில் கிடைக்கும் உளுந்தவடையைப் பற்றி எழுதியிருந்தேன். "எப்பப் பாத்தாலும் தீனிதானாம்மா?" என்று மகள் போனில் கேட்டாள். இந்த வாரமும் வாய்க்குள் போனதைப் பற்றித்தான் எழுதுகிறேன், மன்னிக்கவும்.

பதிவேட்டில் ஒரு விரல்

நிலத்துக்கு ஒரு பதிவேடு உண்டு. எந்த சர்வே எண், எவ்வளவு பரப்பு, யார் பெயரில் பட்டா என்று எல்லாம் அதில் இருக்கும். அதில் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு கட்டம், மண் வயனம். பக்கத்திலேயே இன்னொன்று, தரம். கரிசலா, செவலா, மணலா, அதிலும் நல்லதா, நடுத்தரமா, மட்டமா என்பதை இரண்டு மூன்று எண்களில் அடக்கி வைத்திருப்பார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த எண்களை ஏதோ இயந்திரம் போட்டது என்றே நினைத்தேன். பயிற்சி வகுப்பில்தான் விஷயம் தெரிந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் துரைமார் குதிரையில் வந்து இறங்குவார்களாம். ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து விரலில் நசுக்குவார்கள். தண்ணீர் விட்டுப் பிசைந்து உருட்டுவார்கள். ஒட்டினால் களி, உதிர்ந்தால் மணல். நிறத்தைக் கண்ணால் பார்ப்பார்கள். சொல்வதைக் குமாஸ்தா எழுதிக்கொள்வார். அதை வைத்துத்தான் தீர்வை என்கிற நிலவரியைப் போட்டார்கள்; மண் மட்டமானால் வரியும் குறைவு.

அவர்கள் துப்பாக்கியால் ஆண்டார்கள், காகிதத்தால் ஆண்டார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். என்னைக் கேட்டால் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும்கூட ஆண்டார்கள் என்பேன். குதிரை போய்விட்டது, துரை போய்விட்டார். அந்த இரண்டு விரல் சொன்ன எண் மட்டும் இன்றைக்கும் செல்போனில் தட்டினால் வந்து நிற்கிறது.

மூக்கும் நாக்கும்

விரலோடு விட்டார்களா? மூக்கும் வேலை பார்த்தது. கெட்ட வாடையில்தான் காய்ச்சல் வருகிறது என்று அவர்கள் ரொம்ப நாள் நம்பினார்கள். அதனால் ஊரின் வாடை அடிக்காத பக்கமாகப் பார்த்துப் பங்களா கட்டிக்கொண்டார்கள். பழைய பங்களா ஒன்றைக் காட்டி, ஊர் எந்தத் திசையில் என்று கேட்டால் நான் காற்றை வைத்தே சொல்லிவிடுவேன்.

நாக்கு விஷயம் இன்னும் ருசி. உப்பு சர்க்காருடையது. உவர் நிலத்தைச் சுரண்டிக் காய்ச்சி உப்பெடுத்தால் குற்றம். எங்கள் பாலவனத்தத்தில் ஒரு கதை சொல்வார்கள். உப்புச் சேவகன் ஒருவன் சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு வீடாக வருவானாம். குழம்புச் சட்டியில் விரலை விட்டு நக்கிப் பார்ப்பானாம். மண்ணுப்பில் லேசாகக் கசப்புத் தட்டும், அவன் நாக்கு அதைப் பிடித்துவிடும். பார்த்தார்கள் பெண்கள். அவன் வருகிற அன்றைக்கு மட்டும் தெரு முழுக்கக் குழம்பில் மிளகாயை அரைத்துக் கொட்டினார்கள். முதல் வீட்டிலேயே நாக்கு மரத்துப் போனவன் அடுத்த வீட்டில் எந்த உப்பைக் கண்டுபிடிப்பான்? நாலாவது வீட்டில் மோர் கேட்டு உட்கார்ந்துவிட்டானாம்.

உண்மையா பொய்யா தெரியாது. எங்கள் தெருவில் மட்டும் இந்தக் கதை மூன்று விதமாக ஓடுகிறது. மூன்றிலும் மோர் உண்டு.

முளை அடித்த சத்தம்

பேச்சியம்மாளின் காட்டுக் கதைக்குத் முதல் உழவே அந்தக் காலத்தில்தான் விழுந்தது.

அது அவளுக்கு அப்பன் வழியில் வந்த காடு. உடன்பிறந்தது யாரும் இல்லாததால் முழுவதும் இவள் பெயருக்கே வந்துவிட்டது. புருஷன் லாரி ஓட்டுகிறார், வீட்டில் இருப்பது மாதத்தில் பாதி நாள். உழவு, விதைப்பு, விளைந்த கொத்தமல்லி விதையைக் கொண்டுபோய் அருப்புக்கோட்டையில் விற்பது எல்லாம் இவள்தான். நாற்பத்தைந்து வயதிருக்கும். குரல் அடுத்த பஸ் நிறுத்தம் வரை கேட்கும்.

அவளுடைய பாட்டனுக்குப் பாட்டன் காலத்தில் மண் பார்க்கத் துரை வருகிறார் என்று பேச்சு அடிபட்டது. எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. ஒரு நாள் பக்கத்து ஊரில் கூடாரத்துக்கு முளை அடிக்கும் சத்தம் கேட்டது. நம்ம ஊர் பொட்டல். காற்று இல்லாத நேரத்தில் ஒரு ஊரில் தும்மினால் மறு ஊரில் நூறு வயசு என்று வாழ்த்துவார்கள். முளைச் சத்தத்தை எண்ணியே கூடாரம் பெரிசு, வந்திருப்பது துரைதான் என்று கணக்குப் போட்டுவிட்டார்கள்.

அவர் இந்த ஊருக்கு வருவதற்குள் மூன்று நாள் கிடைத்தது. பாட்டன் வண்டியைப் பூட்டினார். ஓடையிலிருந்து மணல், கண்மாய்க்குப் பின்னாலிருந்து உவர் மண். இரண்டையும் கலந்து, எள்ளு போட்டால் எண்ணெயாகக் கொட்டும் கரிசல் காட்டில், குதிரை வந்து நிற்கும் கிழக்கு மூலையில், அரைச் சாண் உயரத்துக்கு விரித்துவிட்டார்.

துரை வந்தார். நல்ல உச்சி வெயில். குனிந்து ஒரு சிட்டிகை அள்ளினார். கொதித்த மணல் விரலைச் சுட்டது, உதறினார். உதிர்ந்துவிட்டது, ஆகவே மணல். கூட வந்த டவாலிச் சேவகன் ஒரு துளி நாக்கில் வைத்து உப்பு என்றான். ஆகவே உவர். இரண்டாவது தடவை குனிய துரைக்கு மனசில்லை. கடைசித் தரம் என்று எழுதிக்கொண்டு குதிரை ஏறினார்.

தீர்வை மிச்சம் என்பதைவிட, ஊருக்கு நூறு வருஷத்துக்குச் சிரிக்க ஒரு விஷயம் கிடைத்தது.

தொரைப் பிடி

அந்தச் சிரிப்பை அவர்கள் ஒரு சடங்காகவே வைத்துக்கொண்டார்கள். இந்த மாதிரி ஒரு வழக்கத்தை நான் வேறு எந்த ஊரிலும் பார்த்ததில்லை.

வருஷா வருஷம் முதல் விதைப்பன்று சாமி கும்பிட்டு முடித்ததும், பங்காளிகள் எல்லாரும் ஓடையில் ஒரு பிடி மணல் அள்ளிக்கொண்டு வருவார்கள். காட்டின் கிழக்கு மூலையில் நின்று, "இந்தாங்க தொரை, மணலு!" என்று வீசுவார்கள். பிறகு கருப்பட்டியும் பொரிகடலையும். இதற்குத் தொரைப் பிடி என்று பெயர். பெயர்தான் பிடி. பிள்ளைகள் ஓடை மணலும் உவர் மண்ணுமாக ஓலைப்பெட்டி ஓலைப்பெட்டியாகக் கொண்டுவந்து கொட்டும். யார் அதிகம் கொட்டுவது என்று போட்டி வேறு.

கிழக்கு மூலை, தார் ரோட்டை ஒட்டிய மூலை. தலைமுறை தலைமுறையாகக் கொட்டியதில் அங்கே ஒரு சின்ன மணல் மேடே உருவாகிவிட்டது. நாய்கள் படுத்துக் கிடக்கும். நானும் ஒரு வருஷம் கருப்பட்டிக்கு ஆசைப்பட்டுப் போய் ஒரு பிடி வீசியிருக்கிறேன். அதை இப்போது சொல்லாவிட்டால் தப்பாகிவிடும்.

நான் ஜீப்பை விட்டு இறங்காத நாள்

சில வருஷங்களுக்கு முன் எங்கள் பக்கத்தில் சூரிய மின்சாரத் தகடு நட இடம் தேடினார்கள். நல்ல நிலத்தைத் தொடக் கூடாது, கடைசித் தர மண்ணாகப் பார்த்து எடுக்க வேண்டும் என்றார்கள். நியாயமான விதி. பதிவேட்டைப் பார்த்துப் பட்டியல் அனுப்பச் சொன்னார்கள். நான் பார்த்தேன், அனுப்பினேன். பேச்சியின் காடு முதல் வரியில் இருந்தது.

என் மனசு அப்போதே குறுகுறுத்தது. ஆனால் மண்ணை எடுத்துப் பரிசோதனை செய்தபிறகுதான் முடிவு என்றார்கள். சரி, பரிசோதனையில் உண்மை தெரிந்துவிடும், நமக்கென்ன என்று இருந்துவிட்டேன்.

மண் எடுக்க இரண்டு பேர் வந்தார்கள். ஆனி மாதம். வெயில் என்றால் வெயில். ஜீப்பு ரோட்டில் நின்றது. ஒருவர் மட்டும் பையை எடுத்துக்கொண்டு இறங்கி, பத்தடி நடந்து, குனிந்து, இரண்டு கை அள்ளிப் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார். நான் ஜீப்பில் முன் சீட்டில் உட்கார்ந்து ஜிகர்தண்டா குடித்துக்கொண்டிருந்தேன். ஜீப்பு கிளம்பி ஒரு மைல் போனபிறகுதான் அவர் அள்ளிய இடம் எது என்று எனக்கு உறைத்தது.

கிழக்கு மூலை.

பரிசோதனை முடிவு வந்தது. மணல். உவர். துரையின் விரல் சொன்னதை ஆய்வுக்கூடம் அப்படியே ஒப்புக்கொண்டது.

வாசனைக்குப் பைல் இல்லை

நிலம் எடுக்கப்போவதாக நோட்டீஸ் போன மறுநாள் பேச்சி என் ஆபீசுக்கு வந்தாள். ஆள் இல்லாவிட்டால் என்னை அக்கா என்பாள், நாலு பேர் இருந்தால் மேடம் என்பாள். அன்று ஆள் இல்லை.

"ஏக்கா, என் காடு மணலா? நீயி வந்து கருப்பட்டி தின்ன காடு மணலா?"

தப்பு என்னுடையதும்தான் என்று சொல்லி அழுதேவிட்டேன். நான் அழுததைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி சரி, மூக்கச் சிந்து. யாருகிட்டப் போகணும், அதச் சொல்லு. அந்தக் காடு போச்சுன்னா எனக்குக் கஞ்சிக்கு வேற வழி கெடையாது."

ஆட்சேபனை கேட்கும் அதிகாரியிடம் அழைத்துப் போனேன். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். சாது. எதைத் தொட்டாலும் கையில் கிருமிநாசினி ஊற்றித் தேய்த்துக்கொள்வார். பேச்சி முந்தானையை அவிழ்த்து ஒரு கை மல்லியை அவர் மேசையில் கொட்டினாள்.

"மோந்து பாருங்க சார். மணல்ல வெளஞ்ச மல்லி இப்படி மணக்குமா? அருப்புக்கோட்டைல கமிஷன் கடை பாய் இருக்காக. கண்ண மூடிக்கிட்டே கரிசல் மல்லி எது, செவல் மல்லி எதுன்னு சொல்லிருவாக."

அவர் முகர்ந்தார். மூன்று தடவை தும்மினார். நான்காவது தும்மலை அடக்கிக்கொண்டு சொன்னார்:

"நல்ல வாசனைதாம்மா. ஆனா வாசனைய நான் எப்படி பைல்ல வைக்கிறது?"

"அப்ப வெள்ளைக்காரன் வெரல எப்படி சார் வச்சீக?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். பிறகு அவர், "அடுத்த வாரம் நேர்ல வர்றேன். காட்டுக்கு நடுவுல நானே மண்ணெடுக்கறேன்" என்றார்.

இரண்டு கேள்வியில் ஒரு அதிகாரியை நாற்காலியை விட்டு எழுப்பியவள் அவள். எனக்கு அதற்கு இருபது மனு வேண்டும்.

மணல்தான சார், வாங்க

அடுத்த வாரம் அவர் வருவதற்குள் மழை முந்திக்கொண்டது.

மழை நனைத்த கரிசலில் கால் வைத்தவர்களுக்குத் தெரியும். முதல் அடியில் செருப்பு கனக்கும். மூன்றாவது அடியில் செருப்பு இருக்காது. நாங்கள் அந்தப் பக்கமே போக மாட்டோம். "சார், ரெண்டு நாள் காயட்டும்" என்றேன்.

அவர் பைலைத் திறந்து காட்டினார். "மேடம், பதிவேட்டுலயும் ரிப்போர்ட்லயும் மணல்னு இருக்கு. மணல்ல தண்ணி நிக்காது. நீங்க பயப்படாதீங்க." சொல்லிவிட்டுப் பூட்ஸ் காலோடு இறங்கிவிட்டார்.

பத்தடி நன்றாகத்தான் போனார். இருபதாவது அடியில் நடை கொஞ்சம் மாறியது. நடுக்காட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டார். இடது காலைத் தூக்கினார், வலது கால் இறங்கியது. வலது காலைத் தூக்கினார், இடது கால் இறங்கியது.

"மேடம், கால் வரலை."

பேச்சி வரப்பிலிருந்து குரல் கொடுத்தாள். "என்ன சார் அங்கயே நின்னுட்டீக? மணல்தான சார், சும்மா நடந்து வாங்க!"

அவர் கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் ஒரு காலைப் பலம் கொண்ட மட்டும் இழுத்தார். கால் வந்தது, பூட்ஸ் வரவில்லை. அந்த வேகத்தில் குப்புற விழுந்தார். அப்போதுதான் அந்த ஒரு வாய் மண் உள்ளே போனது. அப்போதுதான் பேச்சி உப்புக் கரிக்கிறதா என்று கேட்டாள்.

"இல்லம்மா" என்று சொன்னவர், நாலு காலில் நின்றபடியே திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். கண்ணாடியைக் கழற்றினார், கையிலிருந்த மண்ணைப் பிசைந்து உருட்டினார். கொழுக்கட்டைக்குப் பிடிக்கலாம் போல உருண்டு வந்தது. அதை உயரத் தூக்கி எனக்குக் காட்டினார்.

"மேடம், எழுதிக்கோங்க! கரிசல்! சுத்தமான கரிசல்!"

அதற்குப் பிறகு நானும் சிரித்துவிட்டேன். பாடமாவது ஒன்றாவது.

பேச்சி டிராக்டர் இழுக்கிற கயிற்றை வீச, நாங்கள் இரண்டு பேரும் இழுத்து அவரைக் கரை சேர்த்தோம். பூட்ஸில் ஒன்று அங்கேயே தங்கிவிட்டது.

ஒரு வரி

பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ரூமில் கை கால் கழுவி, பேச்சி கொடுத்த துண்டைக் கட்டிக்கொண்டு அவர் அறிக்கை எழுதினார். நடுவில் எடுத்த மண் தனியாகப் பையில் கட்டிப் பரிசோதனைக்குத் தயாராக இருந்தது. காடு தப்பித்தது என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது. பேச்சி கடுங்காபி போட்டாள்.

அவர் எழுதியதை வாசித்தார். "முந்தைய வகைப்பாடு தவறு. காரணம் தெரியவில்லை."

பேச்சி டம்ளரைக் கீழே வைத்தாள். "ஏன் தெரியல? எங்க பாட்டன் மணலக் கொண்டாந்து கொட்டி ஏமாத்துனாருன்னு எழுதுங்க."

"அம்மா, அத எழுதுனா காடு போயிரும்" என்றார் அவர். "அன்னைக்கு மணலக் கொட்டுனவங்க இன்னைக்குக் கரிசலக் கொட்டிருக்க மாட்டாங்களான்னு மேல கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்றது?"

அவர் சொன்னது சரி. அதை அவளும் புரிந்துகொண்டாள். ஆனால் அவள் முகம் விழுந்துவிட்டது. காடு போகப்போகிறது என்று நோட்டீஸ் வந்தபோதுகூட நான் அந்த முகத்தைப் பார்க்கவில்லை.

"தப்புப் பண்ணுனது தொரை. பண்ண வச்சது நாங்கதான சார்" என்றாள், குரல் இறங்கி. "எந்தக் காகிதத்துலயும் எங்க ஆளுக செஞ்சது கெடையாது. அவன் வந்தான், தொட்டான், எழுதுனான், அதான் இருக்கு. இப்ப அதயும் தவறுன்னு அடிச்சுட்டா, எங்க பாட்டன் பண்ணுனது ஒண்ணுமே இல்லன்னு ஆயிருமே."

காடு முக்கியம் பேச்சி என்றேன். எனக்கே அது வெறும் வாய்வார்த்தையாகப் பட்டது.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரி சார். கஞ்சி ஊத்துறது காடுதான். நீங்க எழுதுனபடியே இருக்கட்டும்."

அதிகாரி பேனாவை மூடவில்லை. காகிதத்தில் கடைசிக் கட்டம் ஒன்று காலியாக இருந்தது. குறிப்பு என்று போட்டிருக்கும். நான் வேலை பார்த்த காலம் முழுக்க அதில் 'இல்லை' என்று மட்டும் எழுதிப் பழகியவள்.

"அம்மா, இந்தக் காட்டுக்கு ஊர்ல ஏதாவது பேர் சொல்லுவாங்களா?" என்று கேட்டார்.

"சொல்லுவாகளே. தொரை ஏமாந்த காடு."

அவர் எழுத ஆரம்பித்தார். பேச்சி பதறிப்போய் அவர் கையைப் பிடித்துவிட்டாள். "சார், வேணாம் சார். யாரு ஏமாத்துனதுன்னு மேல கேட்டா?"

"காட்டோட பேரு அதும்மா. பேருக்கு யார் காரணம் கேக்கப் போறா?"

எழுதி முடித்து, சத்தமாக வாசித்தார். "இந்நிலம் உள்ளூர் மக்களால் தொரை ஏமாந்த காடு என்று அழைக்கப்படுகிறது."

பேச்சி குனிந்து அந்தக் கட்டத்தையே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. துடைக்கவும் இல்லை.

"சார்," என்றாள். "இன்னொரு தடவ வாசிங்க."

இடுப்பில் துண்டோடு இருந்தவர் எழுந்து நின்று வாசித்தார்.